மீன் தொட்டியில் அழையா விருந்தாளிகள்

கப்பியும் தங்கமீனும் வளர்த்துப் பழகிய மகன் ஒரு நாள் கடல் நீர்த் தொட்டிக்கு ஆசைப்படுகிறான். சேர்த்து வைத்த காசில் உப்பு வாங்கிக் கலந்து, கல்லும் வாங்கி அடுக்கி விடுகிறான். மூன்றாம் நாள் இரவு அந்தப் பக்கம் போன உங்கள் கண்ணில், கல்லின் பொந்திலிருந்து செந்நிறப் புழுவொன்று தலை நீட்டுவது படுகிறது. "அந்தக் கல்லை எடுத்துக் கொதிநீரில் போடு" என்று சொல்ல வாயெடுக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள் சகோதரிகளே. அந்த வீட்டில் புழுவை விடப் பயப்பட வேண்டியது அந்தக் கொதிநீருக்குத்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அது வெறும் கல்லல்ல. கடலடியில் நெடுங்காலம் கிடந்த முருகைக்கல். வியாபாரிகள் இதை உயிர்க்கல் என்பார்கள். அதன் நுண்ணிய துளைகளில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சை முறித்துத் தொட்டியைக் காக்கின்றன. கூடவே கல்லைத் தொற்றிக்கொண்டு வேறு பல சிற்றுயிர்களும் வந்து சேர்கின்றன. (கல் வேண்டுமென்று ஹிக்கடுவைக் கடலிலோ பாசிக்குடாவிலோ ஒரு துண்டை உடைத்துப் பையில் போட்டு வந்து விடாதீர்கள். முருகைக்கல்லை உடைத்தெடுப்பது இந்நாட்டில் சட்டப்படி குற்றம். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை முருகைகளில் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. மிஞ்சியதையாவது விட்டு வைப்போம்.)

வந்தவர் யாரென்று அறிய இரவுதான் ஏற்ற நேரம். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டோர்ச்சின் முகத்தில் சிவப்பு செலபேன் தாளைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு இவை அதிகம் வெருள்வதில்லை.

கண்ணாடியில் உப்புத் தூள் போல வெள்ளைப் புள்ளிகள் துள்ளி ஓடினால் மகிழுங்கள். அவை கோபிபோட் என்னும் நுண்ணுயிர்கள். மீனுக்கு நல்ல உணவு. கூனி இறால் போல முதுகு வளைந்து பாய்பவையும் அப்படியே. குண்டூசித் தலையளவில் கல்லில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சுருள்கள், தண்ணீரை வடித்து உண்ணும் புழுக்களின் வீடுகள். நூல் போன்ற ஐந்து கைகளைப் பொந்திலிருந்து ஆட்டுவது நொறுங்கு நட்சத்திரம்; மிச்சம் மீதியைத் தின்று தீர்க்கும் நல்ல வேலையாள்.

உங்களைப் பயமுறுத்திய அந்தப் புழுவும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இரு பக்கமும் வெண்ணிற முட்கற்றைகள் இருந்தால் அது முட்புழு. கல்லுக்கடியில் அழுகும் தீனியைத் தின்று வாழ்வது. அது மளமளவென்று பெருகினால், மகன் அளவுக்கு மேல் தீன் போடுகிறான் என்று அர்த்தம். ஆனால் வெறுங்கையால் தொட வேண்டாம். முட்கள் கண்ணாடித் தும்பு போல் தோலில் ஏறி எரியும். ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள்.

தொல்லை தருபவர்கள் சிலரே. முதலாவது, சிறு தென்னங்கன்று போல் நின்று, நிழல் பட்டாலே சுருங்கிக்கொள்ளும் கபில நிறக் கடல் சாமந்தி. ஐப்டேசியா என்பது பெயர். இதைச் சுரண்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கல்லில் ஒட்டிய சிறு துணுக்கிலிருந்தும் புதிதாய் ஒன்று முளைக்கும், ஒன்று பத்தாகும். கல்சியம் ஐதரொட்சைட்டைக் குழைத்து, ஊசிக் குழாயால் அதன் வாய்க்குள் செலுத்துவது பழைய முறை. வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான். ஆனாலும் வாசனையும் நிறமும் கலந்ததைத் தொட்டியில் இட வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் செய்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன்கள் வாடும்.

இரவில் தொட்டிக்குள் பல்லி சொல்வது போல் "டக், டக்" என்று கேட்கிறதா? கைத்துப்பாக்கி இறாலாயிருந்தால் பயமில்லை. மன்டிஸ் இறாலாயிருந்தால் மீன்களும் நண்டுகளும் ஒவ்வொன்றாய்க் காணாமற் போகும். அதன் ஓர் இனத்தின் அடி, செக்கனுக்கு 23 மீற்றர் வேகத்தில் பாய்வதை 2004இல் ஆய்வாளர்கள் அளந்தார்கள்! கல்லை வெளியே எடுத்து வாளிக்கு மேல் பிடித்து, பொந்துக்குள் வெறும் சோடாவைச் செலுத்தினால் வெளியே வந்து விழும். ரோமம் மூடி, இடுக்கி நுனி கறுத்த நண்டுகளையும் அப்படியே பிடித்து வெளியேற்றுவது நல்லது.

கவனியாமல் விட்டால் என்னவாகும்? இங்கிலாந்தின் நியூகே நகரத்து மீன் காட்சிசாலையில் முருகைகள் துண்டு துண்டாய் வெட்டுப்பட, காரணம் தெரியாமல் தவித்தார்கள். 2009இல் கற்களை ஒவ்வொன்றாய்க் கழற்றியபோது அகப்பட்டது 4 அடி நீளப் புழு! குட்டியாய்க் கல்லோடு வந்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருந்தது.

இனிக் கொதிநீருக்கு வருவோம். கபிலம் அல்லது பச்சை நிறத்தில், சட்டைப் பொத்தான்களைக் கூட்டமாய் ஒட்டியது போன்ற உயிர்களும் கல்லோடு வருவதுண்டு. பகலில் ஓரங்களில் குஞ்சம் விரிந்து பூப்போலிருக்கும், தொட்டால் மூடிக்கொள்ளும். இவற்றில் சில இனங்களில் பலிடொக்சின் என்னும் கொடிய நஞ்சுண்டு. 1971இல் ஹவாயில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். புழுவைக் கொல்லவென்று அடுப்பில் வைத்த கல், அடுத்த அறையில் தூங்கும் குழந்தையையும் தாக்கலாம். சுரண்டினாலும் ஆபத்தே. 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது வெளிப்பட்ட இந்த நஞ்சால், வீட்டாரோடு உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினரும் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது.

ஆகவே கல்லை அவிக்கவோ, கொதிநீர் ஊற்றவோ, வெயிலில் காயவைத்துப் பிரஷ்ஷால் தேய்க்கவோ யாரையும் விடாதீர்கள். பொத்தான் கூட்டத்தைக் கண்டால் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். தொட்டிக்குள் கை விடும் மகன் றப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியட்டும். விரலில் காயமிருந்தால் அன்று கை வைக்க வேண்டாம். தொட்டி வேலைக்குப் பிறகு யாருக்காவது இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை தோன்றினால், சில மணி நேரம் கழிந்திருந்தாலும், எல்லோரும் அறையை விட்டு வெளியேறி உடனே வைத்தியரிடம் போங்கள். வீட்டில் கடல் முருகைத் தொட்டி இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணத் தடிமன் காய்ச்சலென்று மருந்து தந்து அனுப்பி விடுவார்கள்.

தொட்டிக்கென்று வாளி, கோப்பை, ஊசிக் குழாய் எல்லாம் தனியே வாங்கிக் கொடுத்து, பெயரெழுதி ஒட்டி வையுங்கள். அவை சமையலறைப் பக்கம் வரக்கூடாது.