கம்பியும் காலும்

ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து நேராக நிமிர்த்துங்கள். இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது அறுவதில்லை. இப்போது அதே கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் அது ஒடிந்து இரண்டாகிவிடும். வளைப்பதற்கு நீங்கள் பெரிய பலம் எதையும் செலவிடவில்லை. பின் ஏன் ஒடிந்தது?

ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. அடுத்த வளைவில் விரிசல் சற்று நீள்கிறது. இப்படி நீண்டு நீண்டு, மிச்சமிருக்கும் உலோகம் சுமையைத் தாங்க முடியாத நிலை வரும்போது கம்பி ஒடிகிறது. இதை உலோகக் களைப்பு என்கிறோம்.

பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர் உங்களில் பலர் இருப்பீர்கள். இந்தக் கம்பியின் கதை உங்கள் கால் எலும்பின் கதையும்கூட. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், கால் வலிக்கும்போது என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதும் தெளிவாகும்.

அச்சு ஒடிந்தது, பாதம் வீங்கியது

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு திடீரென்று ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பற்றி, 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த அச்சு அதுவரை பல்லாயிரம் முறை அதே சுமையைத் தாங்கிச் சுழன்றதுதான். அன்றைக்கு மட்டும் ஏன் ஒடிய வேண்டும்?

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் பிரஷ்யா நாட்டு ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850களிலிருந்து 1870 வரை அவர் அச்சுகளை மீண்டும் மீண்டும் சுமைக்கு உட்படுத்திச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான சுமையைவிட மிகக் குறைந்த சுமைகூட, போதுமான தடவைகள் திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை உடைத்துவிடும் என்று கண்டார். சுமையைச் சற்றே குறைத்தால் அச்சு தாங்கும் தடவைகளின் எண்ணிக்கை பெருமளவு கூடுகிறது என்பதும் தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

அதே காலத்தில், அதே பிரஷ்யாவில், 1855ஆம் ஆண்டு பிரைத்ஹாப்ட் என்ற இராணுவ மருத்துவர் ஒரு விசித்திர நோயைப் பற்றி எழுதினார். நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலித்தன. யாரும் கீழே விழவில்லை. காலில் எதுவும் மோதவும் இல்லை. ஆகவே எலும்பைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை. தசைநாண்களைச் சுற்றி அழற்சி ஏற்பட்டிருப்பதாகவே கருதப்பட்டது.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897இல், ஸ்டெக்கோ என்ற மருத்துவர் அத்தகைய பாதங்களை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பாதத்தின் மெல்லிய நீண்ட எலும்புகளில் முறிவு இருந்தது! ரயில் அச்சுக்கு நேர்ந்ததுதான் வீரர்களின் எலும்புக்கும் நேர்ந்திருந்தது. இதை மருத்துவர்கள் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்பார்கள். நாம் களைப்பு முறிவு என்று அழைப்போம். நடை, ஓட்டம் இவற்றில் இது பெரும்பாலும் டிபியா எனப்படும் முன்கால் எலும்பையும் பாத எலும்புகளையும் தாக்குகிறது.

ஒரு சிறு கணக்கு

ஓடும்போது எலும்பின்மேல் எவ்வளவு சுமை விழுகிறது? 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய எடை சுமார் 500 நியூட்டன். ஓடும்போது பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தரை அவரை எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசையுடன் மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொண்டால் 1250 நியூட்டன்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பாதம் ஒரு நெம்புகோல். கணுக்கால் மூட்டுதான் அதன் ஆதாரத் தானம். முன்பாதம் தரையை உதைக்கும் இடம் கணுக்காலுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. கெண்டைக்கால் தசை குதிகாலை இழுக்கும் இடமோ சுமார் 5 சென்டிமீட்டர்தான் பின்னால் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி 1250 x 12 = இழுவிசை x 5. ஆகவே தசையின் இழுவிசை 3000 நியூட்டன். தரையின் விசை, தசையின் இழுவிசை ஆகிய இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கீழ்க்காலின் எலும்பு. மொத்தம் 4250 நியூட்டன்! அதாவது அவருடைய எடையைப் போல் எட்டரை மடங்கு. இது தோராயக் கணக்குதான். ஆனால் எலும்பு சுமப்பது உடல் எடையை மட்டும் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

இனித் தடவைகளைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 170 காலடி வீதம் 30 நிமிடம் ஓடினால் 5100 காலடிகள். ஒவ்வொரு காலுக்கும் 2550. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 12,750 தடவைகள். வோலருடைய சோதனைச்சாலை நம் காலுக்குள்ளேயே இருக்கிறது!

எலும்புக்குள் கொத்தனார்கள்

அப்படியானால் ஓடுகிற எல்லோருடைய எலும்பும் ஒடிய வேண்டுமே? ஒடிவதில்லை. கம்பிக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கம்பி தன் விரிசலைத் தானே சரிசெய்துகொள்ளாது. எலும்பு சரிசெய்துகொள்ளும். அது உயிருள்ள பொருள்.

எலும்புக்குள் இரண்டு வகைச் செல்கள் பழுதுபார்க்கும் வேலையைச் செய்கின்றன. ஒரு வகை, விரிசல் கண்ட பகுதியைக் கரைத்து அகற்றுகிறது. மற்றொரு வகை, அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. பழைய சுவரைச் செப்பனிடும் கொத்தனார் முதலில் உதிர்ந்த காரையைக் கொத்தி எடுத்துவிட்டுத்தானே புதிதாகப் பூசுவார்? அதுபோலத்தான். சுமை வரும் இடத்தில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது என்பதை பெர்லின் நகர அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

கொத்தி எடுக்கும் வேலை இரண்டு மூன்று வாரங்களில் முடிகிறது. கட்டி முடிக்கும் வேலைக்கோ ஏறக்குறைய மூன்று மாதங்கள் பிடிக்கின்றன. ஆகவே நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கிறது. மாவட்டப் போட்டி நெருங்குகிறது என்று திடீரென ஓட்டத்தை இரட்டிப்பாக்குகிறவருக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் கால் வலி தலைகாட்டுவது இதனால்தான். கொத்தனார் வேலை செய்யும்போதே சுவரின்மேல் மூட்டைகளை அடுக்கினால் என்ன ஆகும்?

உடலுக்குப் போதிய உணவு கிடைக்காவிட்டால் கொத்தனாருக்குச் சுண்ணாம்பும் மணலும் கிடைக்காததுபோல ஆகும். கால்சியம், வைட்டமின் டி, மொத்தத்தில் வயிறு நிறைந்த உணவு ஆகியவை வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் மாணவியருக்கு மாதவிலக்கு நின்றுபோனால், அது உணவு போதவில்லை என்பதற்கும் எலும்பு பலவீனமாகிறது என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டிய செய்தி இது.

எந்த வலி, என்ன வலி?

எல்லாக் கால் வலியும் முறிவு அல்ல. பயிற்சிக்கு மறுநாள் இரு தொடைகளும் கெண்டைக்கால்களும் பரவலாக வலித்து, நான்கைந்து நாளில் தானே மறைந்தால் அது தசை வலி. அஞ்ச வேண்டாம்.

முன்கால் எலும்பின் உட்புற ஓரமாக, கீழ்ப்பாதியில் விரல் நீளத்துக்கு அல்லது அதற்கும் மேல் பரவிய வலி இருந்தால் எலும்பும் அதன் உறையும் சிரமப்படுகின்றன என்று பொருள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய எச்சரிக்கை அது.

ஒரு விரல் நுனியால் தொட்டுக்காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பின்மேல் வலி, ஓட ஓடக் கூடும் வலி, பிறகு நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் தொடரும் வலி ஆகியவை களைப்பு முறிவின் அடையாளங்கள். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். காலை ஊன்றும்போது இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட மடிப்பில் வலித்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முழுவதுமாக முறிந்து விலகிவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது, ரயிலின் அபாயச் சங்கிலியை அறுத்துவிட்டுப் பயணம் செய்வதற்குச் சமம். வலிக்கும் எலும்பின்மேல் எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவதும் கூடாது.

யாரிடம் போவது, என்ன சொல்வது?

முதலில் உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லுங்கள். அணியில் இடம் போய்விடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. மூன்று வாரம் மறைத்து ஓடினால் மூன்று மாதம் உட்கார நேரிடும். பிறகு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பெரிய நகரங்களில் விளையாட்டு மருத்துவம் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

மருத்துவரிடம் “கால் வலிக்கிறது” என்று மட்டும் சொன்னால் போதாது. அவர் முன் நீங்கள் விழுந்த கதையோ அடிபட்ட கதையோ இல்லை. பிரைத்ஹாப்டுக்கு இருந்த அதே சிக்கல்தான் அவருக்கும். ஆகவே, “நான் ஓட்டப் பயிற்சி செய்கிறேன். இத்தனை வாரமாக இவ்வளவு தூரம் கூட்டினேன். இந்த இடத்தில், ஓடும்போது வலி கூடுகிறது” என்று விவரமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் களைப்பு முறிவு பெரும்பாலும் தெரிவதில்லை. விரிசல் அவ்வளவு நுண்ணியது. எனவே படத்தில் ஒன்றும் இல்லை என்றதும் மறுநாளே மைதானத்துக்குப் போய்விடாதீர்கள். “களைப்பு முறிவாக இருக்கலாமா? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?” என்று பணிவுடன் கேளுங்கள். தேவையானால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்வார். அதில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலான களைப்பு முறிவுகள் ஆறிலிருந்து எட்டு வார ஓய்வில் கூடிவிடுகின்றன. பிறகு பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவரின் உதவியுடன் தசைகளைப் பலப்படுத்தி, நடையில் தொடங்கி மெதுவாக ஓட்டத்துக்குத் திரும்பலாம். அப்போது வோலரின் இரண்டாவது செய்தியை நினைவுகூருங்கள். காலடியின் நீளத்தைச் சற்றே குறைத்து ஓடினால் ஒவ்வொரு தடவையும் விழும் சுமை குறையும், எலும்பு தாங்கும் தடவைகள் பெருகும்.

இங்கிலாந்தின் பாலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தவர். 2019 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. அவருக்கே 2008 பீஜிங் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் தொடை எலும்பில் களைப்பு முறிவு ஏற்பட்டது. போதிய பயிற்சியின்றி ஒலிம்பிக்கில் ஓடியவர் 23ஆவதாக வந்தார். அதே ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க் மாரத்தானில் அவரே முதலாவதாக வந்தார். எலும்புக்குத் தேவை காலம்தான்.

இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். பள்ளி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர உங்களுக்கு எத்தனை காலடிகள் ஆகின்றன என்று எண்ணுங்கள். வாரத்துக்கு எத்தனை சுற்று என்பதைக் கொண்டு, ஒவ்வொரு காலும் எத்தனை தடவை தரையைத் தாக்குகிறது என்று கணக்கிடுங்கள். எங்காவது வலி தோன்றினால் நாள், இடம், நேரம் ஆகியவற்றை அதிலேயே குறியுங்கள். என்றைக்காவது மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்த நோட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.