நேரம் யார் கையில்?

நகரத்து அலுவலக வேலை ஆளைத் தேய்க்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் எது தேய்க்கிறது என்று கேட்டால் ‘வேலைப்பளு’ என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த விடையை நம்புவதால் தீர்வுகளும் அதற்கேற்பவே அமைகின்றன: பளு கூடினால் இரண்டு நாள் விடுப்பு, விடுப்பு கிடைக்காவிட்டால் மூச்சுப்பயிற்சி, அதற்கும் நேரமில்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுமாறு ஓர் அறிவுரை. பணியிட நலம் குறித்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகள் சுட்டுவதோ வேறொன்றை. ஒருவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதோடு, அந்த வேலையின் நேரத்தையும் முறையையும் தீர்மானிப்பதில் அவருக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதும் சேர்ந்தே அவருடைய உடல்நலத்தைப் பாதிக்கிறது.

மன அழுத்தத்துக்கு உடலியல் விளக்கம் தேடியவர்களில் முன்னோடி ஹான்ஸ் செலியே. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய அவர், குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சு மருந்து எனத் தம்முள் தொடர்பற்ற துன்பங்களுக்கு எலிகளை உட்படுத்தியபோது, அவற்றின் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை காட்டியதை 1936இல் பதிவு செய்தார். மனித உடலிலும் இதே ஏற்பாடு உண்டு. நெருக்கடி என்று மூளை உணர்ந்தவுடன், அதன் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, அது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சர்க்கரையின் அளவை உயர்த்துகிறது. இதில் தவறேதும் இல்லை. காலக்கெடுவுக்குள் ஒரு வேலையை முடிக்கும் வேகமும் இதிலிருந்தே வருகிறது. நெருக்கடி நீங்கிய பிறகும் இந்த ஏற்பாடு ஓயாமல் இயங்கிக்கொண்டிருப்பதே கேடு. அவ்வாறு உடலில் சேர்ந்துகொண்டே போகும் தேய்மானத்துக்கு ‘அலோஸ்டேடிக் சுமை’ என்ற பெயரை அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் 1993இல் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து முன்வைத்தார். ஆகவே, சமநிலை என்பது அழுத்தமே இல்லாத வாழ்க்கையன்று. அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக, இறங்குவதற்குப் போதிய நேரத்துடன் அமையும் வாழ்க்கையே அது.

அப்படியானால் யாருக்கு அது இறங்காமல் நிற்கிறது? உயர்பதவியில் இருப்பவருக்கே மாரடைப்பு அதிகம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்துவந்தது. லண்டனின் வைட்ஹால் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய ஆய்வு இந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. அங்கே கடைநிலையில் பணியாற்றிய ஆண்களின் இறப்பு விகிதம், உச்சத்தில் இருந்த அதிகாரிகளின் விகிதத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு முழுவதும் நீங்கவில்லை. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் 10,308 ஊழியர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட இரண்டாம் ஆய்வு, இடைவெளியின் கணிசமான பகுதிக்குத் தம் வேலையின் மீது ஊழியருக்கு இருக்கும் கட்டுப்பாடு குறைவாக இருப்பதே காரணம் எனக் காட்டியது. ராபர்ட் காராசெக் 1979இல் வகுத்த கோட்பாடும் இதையே சொல்கிறது: வேலையின் கெடுபிடி அதிகமாகவும், முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் பணியே மிக அதிகமாக நலிவை உண்டாக்கும்.

இந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என நீண்டுவிட்ட இந்தச் சாலையின் அலுவலகங்களில், ஏராளமான ஊழியர்களின் கடிகாரம் வேறொரு நாட்டில் இருக்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது, அந்நாட்டின் கோடைக்காலத்தில் சென்னையின் மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. அமெரிக்கர் மார்ச் மாதத்தில் தம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி நவம்பரில் பின்னால் தள்ளும்போதெல்லாம், வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ ஒரு குடும்பத்தின் இரவு உணவும் கேப் வரும் நேரமும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாடும் சேர்ந்தே நகர்கின்றன. நேரத்தின் மீதான கட்டுப்பாடு கைவிட்டுப் போவதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

உடலோ அப்படி நகர மறுக்கிறது. கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்களால் ஆன சிறு பகுதியொன்று உடலின் முதன்மைக் கடிகாரமாக இயங்குகிறது. இத்தகைய கடிகாரம் செல்லுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஈக்களைக் கொண்டு கண்டறிந்ததற்காகவே 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரம் நம்புவது அலுவலக அட்டவணையை அன்று, வெளிச்சத்தை. இருள் கவிந்ததும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரந்து உறக்கத்துக்கு வழிசெய்கிறது. விடியலுக்கு முந்தைய நேரத்தில் உடல் வெப்பம் மிகக் கீழே இறங்குகிறது. விழிக்கும் வேளையில் கார்டிசால் உயர்கிறது. இரவு 3.30 மணிக்குப் பணி முடித்து, வழியில் நான்கு பேரை இறக்கிவிட்டுத் தன் தெருமுனைக்குக் கேப் வந்து சேரும் 5 மணிக்கு, ஊழியர் உறங்க விரும்புகிறார். அவருடைய உடலோ எழுந்திருக்க ஆயத்தமாகிறது. படுத்த பிறகும் சூழல் துணைநிற்பதில்லை. பால் பாக்கெட் போடுபவரின் சைக்கிள் மணி, பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில், ஒலிபெருக்கியில் விலை கூவிச் செல்லும் காய்கறி வண்டி, கூரியர்காரர் அழுத்தும் அழைப்பு மணி, பகலில் இன்னும் தூக்கமா என்று கேட்கும் உறவினர் என்று, பத்து மணிக்குள் உறக்கம் ஐந்தாறு முறை கலைகிறது. வயது வந்தோருக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலுறக்கம் அந்த அளவை எட்டுவது அரிது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப்பணியை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது எனக் கருதத்தக்க காரணிகளின் வரிசையில் 2007இல் சேர்த்து, 2019இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது.

இத்தகைய பணியை உடனே விட்டுவிட முடியாதவர்கள், கடிகாரத்தின் இயல்பை அறிந்து அதோடு ஓரளவு உடன்பாடு செய்துகொள்ளலாம். பணியின் முற்பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருப்பது, பிற்பாதியில் திரையின் ஒளியைக் குறைப்பது, கேப்பில் திரும்பும்போது விடிந்துவிட்டால் கறுப்புக் கண்ணாடி அணிவது, படுக்கையறைச் சன்னலுக்குக் கனத்த திரையிடுவது ஆகிய நான்கும் வெளிச்சம் என்ற ஒரே குறிப்பைக் கையாளும் வழிகள். காபியைப் பொறுத்தவரை கணக்கு எளிது: அதிலுள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் (இது ஆளுக்கு ஆள் மாறும்), இரவு 2 மணிக்குக் குடித்த காபி காலை 7 மணிக்கும் உறக்கத்தோடு மல்லுக்கு நிற்கும், எனவே பணி தொடங்கும் வேளையோடு காபியை முடித்துக்கொள்வது நல்லது. பணிக்கு இடையே 20 நிமிடக் குட்டித் தூக்கம் விழிப்பைக் கூட்டும், ஆனால் அதற்கு ஓர் அறையும் மேலாளரின் அனுமதியும் வேண்டும். இரவுப்பணி முடித்துத் தாமே பைக் ஓட்டி வீடு திரும்புவதை இயன்றவரை தவிர்ப்பது உயிரோடு தொடர்புடைய செய்தி. பணிமுறையைச் சுழற்றும் நிறுவனங்கள் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடல் எளிதில் பழகும். பின்னோக்கிச் சுழற்றினால் சிரமம் கூடும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் அட்டவணை போடும் மேலாளரே அன்றி, மூச்சுப்பயிற்சி செய்யும் ஊழியர் அல்லர்.

இரவுப்பணி இல்லாதவர்களுக்கும் வேலை வீடுவரை பின்தொடர்கிறது. வேலை முடிந்த பிறகு மனம் அதிலிருந்து விலகி நிற்பதை ‘உளவியல் விலகல்’ என்ற பெயரில் ஆராய்ந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் சபினே சோனென்டாக். இளைப்பாறுதல், புதிய திறனொன்றில் தேர்ச்சி பெறுதல், ஓய்வு நேரத்தைத் தாமே தீர்மானித்தல் ஆகியவற்றோடு இந்த விலகலையும் சேர்த்து, மீட்சிக்கு உதவும் நான்கு அனுபவங்களாக அவர் தம் சக ஆய்வாளருடன் 2007இல் வகுத்தார். இரவு பத்து மணிக்கு அலுவலக வாட்ஸாப் குழுவில் வரும் ஒரு செய்தி, பதில் அளிக்க அரை நிமிடமே எடுத்துக்கொண்டாலும், விலகலை முறித்துவிடுகிறது. செய்தி வரலாம் என்ற எதிர்பார்ப்பே போதும், மனம் பணியிடத்துக்குத் திரும்பிவிடும். பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும் பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்குச் சட்டத்தில் இடமளித்துள்ளன. இந்தியாவில் 2018இல் மக்களவையில் இதற்கென ஒரு தனிநபர் மசோதா அறிமுகப்படுத்தப்பட்டது, அது சட்டமாகவில்லை.

மேசை வேலை மட்டுமே நகரத்து வேலையன்று. தியாகராய நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரும் அனுமதி இருந்ததில்லை. கேரளம் 2018இல் வழிகாட்ட, தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது வியப்புக்குரியதெனினும், மார்மட்டின் ஆய்வைப் படித்தவருக்கு அந்த நாற்காலியின் பொருள் புரியும்.

அதே சட்டம், 1947ஆம் ஆண்டிலிருந்தே, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ‘மேலாளர்’ என்ற பட்டம் இன்று எவ்வளவு தாராளமாக வழங்கப்படுகிறது என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேரப் பணிக்கு இடமளிக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக்கு மருத்துவ நியாயமும் உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக மதிப்பிட்டன.

நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை என்பது உண்மையே. யோகா வகுப்பு, தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி எனப் பலவும் வழங்கப்படுகின்றன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விடைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய தனிநபர் திட்டங்களில் பங்கேற்றோரின் நலம் பங்கேற்காதவரின் நலத்தைவிட மேம்பட்டிருக்கவில்லை என்றது. தன்னார்வச் சேவை வாய்ப்பு மட்டுமே விதிவிலக்கு. யோகா பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இரவு 11 மணிவரை அழைப்பில் இருக்கச் செய்துவிட்டுக் காலை 7 மணிக்கு யோகா வகுப்புக்கு அழைப்பதே பயனற்றது. பணி நேரம், பணியின் அளவு, முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் கைவைக்காத எந்தத் திட்டமும் ஒப்பனைதான்.

சோர்வு எல்லை மீறியதை எப்படி அறிவது? உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு ‘பர்ன்அவுட்’ என்னும் நிலையை மூன்று கூறுகளால் விளக்குகிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வளர்தல், செய்யும் பணியில் திறன் குன்றுதல். அது இதை நோய் என்று வகைப்படுத்தாமல் பணியிடத்தோடு தொடர்புடைய நிலை என்றே குறிப்பிடுகிறது. ஆனால் வேலையற்ற நாளிலும் எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, தன்னைப் பற்றிய தாழ்வுணர்வு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது பார்க்க வேண்டியவர் மருத்துவரே, அட்டவணை போடுபவர் அல்லர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அலுவலகக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் தம் திட்டத்தில் இது எவ்வாறு இடம்பெற்றுள்ளது என்பதை மனிதவளத் துறையிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம். மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர், நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், இரவுப்பணி முடிந்து திரும்பும் நேரத்திலும் அது இயங்கும்.