ஓய்வுக்கால மருத்துவக் காப்பீடு: தரகரின் உதவியுடன் தேர்ந்தெடுத்தல்

பணி ஓய்வுடன், பணியிடத்தில் பெற்ற குழுக் காப்பீடு பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடும். ஆகவே, ஓய்வு பெறும் முன்பே தனிப் பாலிசியைத் தேடத் தொடங்குங்கள். 2024 ஏப்ரல் முதல், 65 வயதைக் கடந்தவர்களும் புதிய பாலிசி பெற வழி செய்யப்பட்டுள்ளது.

முகவரும் தரகரும்

முகவர் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவர். தரகரோ உங்கள் சார்பில் பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுக் கூறுபவர். அவர் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் பெற்றவரா எனச் சரிபாருங்கள்.

தரகரிடம் கேட்க வேண்டியவை

• ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? இது 36 மாதங்களுக்கு மேற்படலாகாது.
• சிகிச்சைச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு? 20 விழுக்காடு எனில், 3 லட்சம் ரூபாய் செலவில் 60,000 ரூபாயை நீங்களே செலுத்த நேரிடும்.
• அறை வாடகைக்கு வரம்பு உண்டா?
• நீங்கள் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் ‘கேஷ்லெஸ்’ வசதி உண்டா?

நோயை மறைக்காதீர்கள்

பிரீமியம் உயரும் என அஞ்சி, சர்க்கரை நோயையோ இரத்த அழுத்தத்தையோ மறைத்தால், தேவைப்படும் வேளையில் இழப்பீடு மறுக்கப்படலாம். படிவத்தைத் தரகர் நிரப்பினாலும், முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். பாலிசி ஏற்புடையதாக இல்லையெனில், கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பி அளிக்கலாம்.

70 வயது நிறைந்தவர்களுக்கு

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், வருமான வரம்பின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். இதனையும் கணக்கிற்கொண்டு, உங்களுக்குத் தேவையான காப்பீட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள்.