திரும்பி வந்தது பழைய சிக்குன்குனியா அல்ல

1964இல் மதராஸ் நகரத்தையே மூட்டுவலியில் முடக்கிய சிக்குன்குனியா, 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது. 2005 இறுதியில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கிளம்பி, 2006இல் சென்னைக்கும் வந்தது. அந்த ஓராண்டில் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் கண்டிருக்கலாம் என்று கணக்கெடுத்தார்கள். எங்கோ பதுங்கிக் கிடந்த பழைய வைரஸ்தான் மறுபடி கிளம்பியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால், புனே தேசிய வைராலஜி நிறுவனம் சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டதில், 1963 முதல் 1973 வரை பிடிபட்டவை ஆசிய மரபுவகை என்றும் புதியவை ஆப்பிரிக்க மரபுவகை என்றும் தெரிந்தது. பழையதே காலப்போக்கில் இப்படி மாறியிருக்கக் கூடாதா? கூடாது. இதன் ஆர்.என்.ஏ. சுமார் 11,800 எழுத்து நீளம். படியெடுக்கும்போது நேரும் பிழைகளில் ஆண்டுக்கு ஐந்தாறு நிலைத்துவிடுகின்றன. முப்பது ஆண்டில் அது நூற்றைம்பது முதல் நூற்றெண்பது வரை ஆகலாம். அவ்வளவும் தற்செயலாக ஆப்பிரிக்க வைரஸின் எழுத்துகளாகவே விழ வழியில்லை. தடமும் தெளிவு: 2004இல் கென்யாவின் லாமு தீவு, 2005இல் கொமொரோஸ், ரீயூனியன், பிறகு நாம்.

ரீயூனியனில் மூன்றில் ஒருவரை வைரஸ் பிடித்தது. அங்கே ஓர் எழுத்து மாறியதால், E1 புரதத்தின் 226ஆம் இடத்தில் இருந்த அலனின் வாலின் ஆகிவிட்டது. அதனால் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குள் வைரஸ் எளிதாகத் தொற்றியது. இந்த மாற்றமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அல்போபிக்டஸ் பெருகும் தோட்டங்கள் நிறைந்த கேரளத்தில், 2007இல், அது உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் 2006இல் இந்தியாவில் கிடைத்த வைரஸ்களில் 226இல் இருந்தது பழைய அலனின்தான். சென்னையின் முதன்மைக் கொசுவான ஏடிஸ் எஜிப்திக்கு அந்த மாற்றம் தேவையே இல்லை. சென்னைத் திருவான்மியூர் மணல் பூமி, மழைநீர் சீக்கிரம் வடிந்துவிடும் என்று நிம்மதி கொள்வதிலும் பொருளில்லை. எஜிப்தி முட்டையிடுவது சாக்கடையில் அல்ல. மூடாத சம்ப், லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம், பூந்தொட்டித் தட்டு என நாம் தேக்கும் நல்ல நீரில்தான்.

அப்படியானால் ஆப்பிரிக்க வைரஸ் வந்திறங்கியதுதான் காரணமா? அதுவும் போதாது. 2000ஆம் ஆண்டிலேயே மகாராஷ்டிரத்தின் யவத் என்ற ஊரில் பிடித்த கொசுக்களில் ஆப்பிரிக்க மரபுவகை கிடைத்திருக்கிறது. கொள்ளைநோய் ஒன்றும் கிளம்பவில்லை. (இந்த ஒரு மாதிரி மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு, அழகான கதைகளைக் கெடுக்கும் சான்று அது.) மரபுவகை எதுவானாலும் ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிற்கிறது. 1973க்குப் பிறகு பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு 2005இல் அது இருக்கவில்லை. கொசு ஏராளம், எதிர்ப்பாற்றலற்ற ஒரு தலைமுறை தயார், இந்தியப் பெருங்கடல் தீவுகளில் நோய் உச்சத்தில்: மூன்றும் கூடியது 2005இல்தான்.

பழைய ஆசிய வகை வலுவிழந்து தோற்றுப்போனது என்று சொல்வோருக்கு அமெரிக்கக் கண்டம் பதில் வைத்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் அழியாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்த வகை, 2013 இறுதியில் கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவில் முளைத்தது. 2014 முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டிருக்கலாம் என்ற கணக்கு வந்தது. அங்கும் 226இல் அலனின்தான், கொசுவும் எஜிப்திதான்.