மின்னல் போடும் உரம்

ஐப்பசியில் நெல்லித்தோப்புக்கு மேலே மின்னல் வெட்டும்போது வானத்தில் உரம் தயாராகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களையும் முப்பிணைப்பு இறுகக் கட்டியிருப்பதால் நெற்பயிரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மின்னலின் சூடு அந்தக் கட்டை அறுக்க, நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, மழைநீரில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணில் இறங்குகிறது. மின்னலைப் போலக் காற்றில் மின்சாரம் பாய்ச்சும் பிளாஸ்மா கருவி செய்வதும் இதைத்தான். அந்த நைட்ரேட் நீரில் மின்முனைகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் அம்மோனியா கிடைக்கும். ஹைட்ரஜனைத் தண்ணீரே தந்துவிடும். மணலி உர ஆலைக்கு வேண்டிய இயற்கை எரிவாயு இதற்குத் தேவையில்லை.

மின்சாரம் எக்கச்சக்கமாகச் செலவாகுமே என்று கேட்பது நியாயம். 1905-இல் நார்வேயில் தொடங்கிய பிர்க்லேண்ட்–ஐடே மின்வில் ஆலைகள் பின்னர் ஹேபர்–பாஷ் முறையிடம் தோற்றது அதனால்தான். இன்றும் யூரியா மூட்டைக்கு இது மாற்றாகிவிடாது. ஆனால் ஹேபர்–பாஷ் முறையின் உயர் அழுத்த ஆலையை நினைத்தபோது நிறுத்த முடியாது. பிளாஸ்மாவை உச்சிவெயிலில் சூரிய மின்சாரத்தில் ஓட்டி, பொழுது சாய்ந்ததும் அணைக்கலாம், பாகூர் வயல் வரப்பிலேயே.