மடக்கு மின்சார சைக்கிளைத் தேர்ந்தெடுத்தல்

லண்டன் மாநகரின் புறநகர்களில் குடியிருந்துகொண்டு நகரின் மத்தியில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு, ரயிலில் கழியும் நேரத்தைவிட, வீட்டிலிருந்து நிலையம் வரையிலும் இறங்கிய நிலையத்திலிருந்து காரியாலயம் வரையிலும் உள்ள சிறு தூரங்களே அன்றாடப் பிரயாணத்தில் அதிகச் சிரமம் தருகின்றன. நெரிசல் வேளையில் சாதாரண சைக்கிளைப் பாதாள ரயிலில் ஏற்ற அனுமதி கிடையாது. இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன், 1970களின் நடுப்பகுதியில், தென் கென்சிங்டனிலுள்ள தம் குடியிருப்பிலேயே ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியியலாளர் மூன்றாக மடியும் ஒரு சைக்கிளின் மாதிரிகளை உருவாக்கினார். எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே அதற்கும் சூட்டினார். 16 அங்குலச் சக்கரங்கள் கொண்ட அந்த வண்டியின் மின்சார வடிவம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. இன்று வேறு பல கம்பெனிகளும் இத்தகைய வண்டிகளைச் செய்கின்றன.

மடங்கும் தன்மை வெறும் சௌகரியமாக இருந்த நிலைமை மாறி, அதுவே பிரயாண அனுமதிக்கு நிபந்தனையாகிவிட்டது. தமிழர் பலர் வசிக்கும் ஹாரோ வட்டாரத்திலுள்ள ரேனர்ஸ் லேன் நிலையத்தின் நடைமேடையில், 2025 பிப்ரவரியில் ஒரு மின்சார சைக்கிள் தீப்பற்றி எரிந்தது. அடுத்த மாதம் 31-ஆம் தேதி முதல், மடங்காத மின்சார சைக்கிள்களைப் பாதாள ரயில் முதலிய ரயில்களில் ஏற்றக்கூடாதென லண்டன் போக்குவரத்து நிர்வாகம் தடை விதித்தது. மடக்கிக் கொண்டுவரும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதாரண சைக்கிளில் பிற்பாடு மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்திக்கொள்வதிலேயே அபாயம் மிகுதி என்பதும், மடக்கு சைக்கிள்களில் அவ்வாறு செய்வது அரிது என்பதுமே இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

வாங்கப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, மோட்டாரின் சக்தி எவ்வளவு என்பதையே. என் அபிப்பிராயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பிரிட்டிஷ் சட்டப்படி, லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓட்டத்தக்க மின்சார சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படலாகாது. மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் அதன் உதவி நின்றுவிட வேண்டும். ஓட்டுகிறவருக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே சட்டத்துக்குட்பட்ட வண்டிகளுக்குள் சக்தியால் பெரிய பேதம் இருக்க இடமில்லை. அதைவிட அதிகச் சக்தியை விளம்பரம் செய்யும் வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் சைக்கிளேயாகும்.

முதலில் கேட்க வேண்டியது எடையை. லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் படி ஏறாமல் நடைமேடையை அடைய வழியில்லை. பிராம்ப்டன் மின்சார வண்டி பாட்டரியோடு ஏறக்குறைய 17 கிலோ இருக்கும். பாட்டரியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டால் கையில் தூக்க வேண்டியது சுமார் 14 கிலோ. தடித்த டயர்களோடு கம்பீரமாகத் தோன்றும் சில மடக்கு வண்டிகளோ 25 கிலோவைத் தாண்டுகின்றன. ஓட்டும்போது அந்தப் பாரத்தை மோட்டார் சுமக்கும்; படியில் ஏறும்போது சுமப்பவர் நீங்களே. ஒரு மூட்டை அரிசியைத் தினந்தோறும் இருமுறை மாடிக்கு ஏற்றி இறக்குவதற்குச் சமமான இந்த உழைப்பை, கடையின் சமதளத்தில் வண்டியை உருட்டிப் பார்ப்பவர் உணர்வதே இல்லை. ரயிலும் படிகளும் குறுக்கிடாத பாதையென்றால், குண்டு குழிகளை எளிதில் கடக்கும் 20 அங்குலச் சக்கர வண்டியே மேலானது.

அடுத்தது பாட்டரி. அதன் கொள்ளளவு வாட்-மணிக் கணக்கில் சொல்லப்படும். அது தெரியாவிடில், வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைத்துவிடும். மிதமாக மிதித்துக்கொண்டு போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், 300 வாட்-மணி பாட்டரி 30 கிலோமீட்டர் தாங்கும். மேடும் எதிர்க்காற்றும் குளிரும் அதைக் குறைத்துவிடும். பெரிய பாட்டரி பெரிய பாரம் ஆகையால், தினசரித் தேவைக்குச் சற்று மிகுதியாக இருந்தால் போதும்.

தீயின் பயம் இங்கேதான் வருகிறது. லித்தியம் பாட்டரியின் உள்ளே பழுது ஏற்பட்டால், அங்கு எழும் வெப்பமே மேலும் வெப்பத்தை உண்டாக்கி, அணைப்பதற்கரிய தீயாக மூண்டுவிடும். ஆதலால் பெயர் தெரியாத பாட்டரியையும் பொருத்தமற்ற சார்ஜரையும் விலை மலிவைக் கருதி வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். வீட்டினுள் சார்ஜ் செய்யும்போது, வெளியேறும் வழியை மறித்து வைக்கலாகாது. எல்லோரும் உறங்கும் வேளையில் சார்ஜ் செய்யவும் கூடாது.

மோட்டாருக்குக் கட்டளையிடும் உணர்கருவியைப் பற்றியும் கேட்டறியுங்கள். பெடல் சுழல்வதை மட்டும் அறியும் கருவி, திடீரென்று வண்டியைத் தள்ளிவிடும். மிதிக்கும் விசையை அளக்கும் கருவியோ, கால் கேட்கும் அளவுக்கே உதவும். ஜனநெரிசல் மிக்க வீதியில் பின்னது எவ்வளவு பாதுகாப்பானது என்பதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே அறியலாம்.

கடைக்காரர் மடக்கிக் காட்டுவதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். நீங்களே மடக்கி, கீல்களும் தாழ்களும் ஆட்டமின்றி இறுகுகின்றனவா என்று சோதித்து, அருகில் ஒரு மாடிப்படி இருக்குமானால் வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குங்கள். அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்.