கம்பியில்லா மின்னேற்றித் தட்டு
அழகும் பயனும் ஒருங்கே அமைய

கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் தரும் அன்பளிப்புகளுள் இப்போது வட்ட வடிவான தட்டொன்றும் இடம்பெறுவதுண்டு. மரம் போன்றும், பளிங்கு போன்றும், தோல் போர்த்தியும் அழகுற அமைந்த அத்தட்டின்மேல் கையடக்கத் தொலைபேசியை வைத்த மாத்திரத்தே, கம்பி எதுவும் செருகாமலே அதில் மின்னேறத் தொடங்குகிறது. காண்போர் வியப்படைவது இயல்பே. ஆயினும் வன்னிப் பெருநில மக்களுக்கு இவ்விந்தையின் அடிப்படை முற்றிலும் புதியதன்று.

துவிச்சக்கரவண்டி கற்பித்த பாடம்

1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமின்றி இருளில் மூழ்கியது. எரிபொருளும் வானொலிக்கான உலர் மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தன. ஜாம் போத்தலிற் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியிட்டு ஏற்றிய விளக்கொளியில் மாணவர் படித்தனர். செய்தி கேட்க விழைந்தோர் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ பிறப்பித்த மின்சாரத்தால் வானொலியை இயக்கினர். 2002 இன் தொடக்கத்தில் தடை பெருமளவு தளர்ந்தது. 2009 இற் போர் முடிந்த பின்னர் மின்கம்பிகள் படிப்படியாகக் கிராமங்களை எட்டின.

அந்த டைனமோவினுள் நிகழ்ந்தது யாது? கம்பிச் சுருளின் அருகே காந்தம் சுழன்றது. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தமையாற் சுருளில் மின்னோட்டம் பிறந்தது. இதுவே இலண்டனில் மைக்கேல் பரடே 1831 இற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். மின்னேற்றித் தட்டிலும் இவ்விதியே தொழிற்படுகிறது. தட்டினுள் ஒரு செப்புச் சுருள் உண்டு. வினாடிக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலாகத் திசைமாறும் ஆடலோட்டம் அதிற் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் தொலைபேசியின் முதுகுப்புறத்தில் உள்ள மற்றொரு சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. கையாற் சுழற்றிய காந்தத்தின் வேலையை இங்கு ஆடலோட்டம் செய்கிறது, வேற்றுமை அவ்வளவே.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலிற் பார்க்கவேண்டியது தட்டையன்று, தொலைபேசியை. விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றில் ஏற்புச் சுருள் இல்லை. அவற்றை எத்தட்டின்மேல் எத்தனை நாழிகை வைத்தாலும் பயனில்லை. நோக்கியா நிறுவனம் 2012 இலும், அப்பிள் நிறுவனம் 2017 இலும் தம் தொலைபேசிகள் சிலவற்றில் இவ்வசதியை அமைத்தன. இதற்கான பொது நியமத்தின் பெயர் ‘சீ’ என்பதாகும். உயிராற்றல் எனப் பொருள்படும் சீனச் சொல் அது. ஆங்கிலத்திற் கியூ, ஐ என்னும் ஈரெழுத்துகளால் எழுதப்படும். தட்டிலும் தொலைபேசியின் விவரப் பட்டியலிலும் இப்பெயர் உளதா எனப் பார்த்துக்கொள்க. 2023 இல் வெளிவந்த இரண்டாம் ‘சீ’ நியமத்திற் காந்த வளையம் ஒன்றும் உண்டு. அது தொலைபேசியை உரிய இடத்திற் சரியாகப் பொருந்தச் செய்கிறது.

அடுத்து, சுவரிற் செருகும் மின்னேற்றியைக் கவனிக்க. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கனடாவிலோ 120 வோல்ற்று. அன்பளிப்பாக வந்த மின்னேற்றியின்மேல் ‘100–240’ என்று பொறித்திருந்தால், செருகிக்குத் தக்க இணைப்பி பெற்றுத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ‘120’ என மட்டும் இருப்பின், இங்கு செருகிய கணமே அது கருகிவிடக்கூடும். பதினைந்து வாற்று வழங்கவல்ல தட்டினைப் பழைய ஐந்து வாற்று மின்னேற்றியோடு இணைத்தால், மின்னேறுவது மிக மெதுவாகவே நிகழும் என்பதையும் நினைவிற் கொள்க.

அழகுபடுத்துவோர் கவனத்திற்கு

மரமும் துணியும் மெல்லிய பிளாஸ்டிக்கும் காந்தப்புலத்தைத் தடுப்பனவல்ல. ஆனாற் சுருள்களுக்கு இடையே உள்ள தூரம் சில மில்லிமீற்றருக்கு மேற் செல்லலாகாது. முதிரைப் பலகையிற் பேழை செய்து தட்டினை உள்ளே புதைக்க விரும்பும் மாணவர், மேற்பலகையை மிக மெல்லியதாக இழைத்தல் வேண்டும். பனையோலைப் பன்னவேலையைச் சுற்றிலும் அடியிலும் அமைத்தால் அழகு கூடும். மேலே விரித்தால் வெப்பம் வெளியேற வழியிராது. பித்தளைத் தாம்பாளம், உலோகப் பூவேலை ஆகியன மட்டும் கூடவே கூடா. உலோகத்திற் சுழிமின்னோட்டம் எழுந்து அது சூடேறும். நாணயம், திறப்பு முதலியவற்றைத் தட்டின்மேல் விடலாகாது என்பதும், வங்கி அட்டை செருகிய உறையுடன் தொலைபேசியை வைக்கலாகாது என்பதும் இதனாலேயே. இதயமுடுக்கி பொருத்தியோர் தட்டிலிருந்து ஓர் அடி தூரமேனும் விலகியிருத்தல் நன்று.

வெப்பமே பகை

கம்பியில்லா முறையில் மின்சாரத்தின் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. பணக்கணக்கில் அது பெரிதன்று. தொலைபேசி ஒன்றை ஒருமுறை முழுதாக நிரப்ப ஏறத்தாழ 15 வாற்று மணி மின்சாரம் வேண்டும். நாள்தோறும் 5 வாற்று மணி வீணாகிறது என்று கொண்டாலும், ஆண்டு முழுவதற்கும் இரண்டு அலகு ஆகாது. உண்மை இழப்பு வேறிடத்தில் உள்ளது. லிதியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பது வெப்பம். சித்திரை, வைகாசி மாதங்களில் வவுனியாவில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு. அத்தகைய நண்பகலில், தகரக் கூரையின்கீழ், தடித்த உறையோடு தொலைபேசியைத் தட்டின்மேல் வைப்பது மின்கலத்தை வாட்டுவதற்கு ஒப்பாகும். இரவின் குளிர்ச்சியில், காற்றோட்டமான மேசையில், உறையைக் கழற்றி வைப்பதே முறை. இடிமுழங்கும் ஐப்பசி மாலைகளிற் செருகியைக் கழற்றிவிடுதல் அதனினும் முக்கியம்.

மின்தடை நேரங்களில் இத்தட்டு உதவாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். சேமிப்புக் கலத்திலோ சூரியத் தகட்டிலோ பெறும் சிறிதளவு மின்சாரத்தை வீணாக்காது தொலைபேசிக்குச் சேர்ப்பது கம்பியே. ஆகவே தட்டு வந்ததென்று கம்பியை எறிந்துவிட வேண்டாம்.

தொலைவில் வாழும் பிள்ளையின் குரலும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் பாடமும் இன்று அச்சிறு கருவியினூடாகவே வருகின்றன. அதற்கு உயிரூட்டும் பொருளை அழகுக்காக மட்டும் தேர்வது அறிவுடைமையாகாது. பொருத்தம் அறிந்து, வெப்பம் தவிர்த்துப் பயன்படுத்துவோர்க்கு அழகும் பயனும் ஒருங்கே வாய்க்கும்.